கதாநாயகன் ஏன் காசோலை கேட்டான்?

கேள்வி: வணக்கம் ஐயா. ஆங்கில இலக்கியம் படித்தவள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, எட்டு மாதமாக வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். போன வாரம் நான் அனுப்பிய மூன்று கோப்புகளும் சிவப்புக் கோடுகளோடு திரும்பி வந்தன. மூன்றிலும் குற்றவாளி ஒரே சொல், ‘செக்’. ஒரு செயலியில் ‘செக் த பாக்ஸ்’ என்பதைப் ‘பெட்டியைச் சரிபார்க்கவும்’ என்று எழுதியிருந்தேன். ஓர் அமெரிக்கச் சிறுகதையில் கதாநாயகன் சாப்பிட்டு முடித்துவிட்டுக் ‘காசோலை’ கேட்கிறான். அமெரிக்க அரசமைப்பைப் பற்றிய பாடத்தில் ‘செக்ஸ் அண்ட் பேலன்சஸ்’ என்பது ‘காசோலைகளும் இருப்புத் தொகைகளும்’ ஆகிவிட்டது. அது இயந்திரம் செய்தது. இரவு பதினொரு மணிக்குத் திருத்த உட்கார்ந்த என் கண்ணில் படவில்லை. அகராதியைப் பிரித்தால் பொருள்கள் பத்தி பத்தியாக ஓடுகின்றன. இது ஒரே சொல்லா, பல சொற்களா? எல்லாவற்றையும் மனப்பாடம்தான் செய்ய வேண்டுமா? என் மாமனார், தமிழ்ச் ‘செக்கு’தான் அங்கே போய்ச் ‘செக்’ ஆனது என்கிறார். உண்மையா? அதே சிறுகதையில் அடுத்த பக்கத்தில் ‘ரெயின் செக்’ என்று வேறு வருகிறது. பயமாக இருக்கிறது.
- நாமக்கல் வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஓர் ஆறுதல். ‘பெட்டியைச் சரிபார்க்கவும்’ என்று எழுதிய முதல் ஆள் நீங்கள் இல்லை. என் கைப்பேசியில் இரண்டு செயலிகள் இன்றைக்கும் அப்படித்தான் கேட்கின்றன. எந்தப் பெட்டி, அதில் என்ன கோளாறு என்று தெரியாமல் எத்தனை பெரியவர்கள் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சொத்துக்குவிப்பு வழக்கின் ஆவணங்கள் என் கைக்கு வந்தன. அதில் வரிக்கு வரி ‘செக் பீரியட்’. நான் யோசிக்கவே இல்லை. ‘காசோலைக் காலம்’ என்று நாற்பது பக்கத்துக்கும் போட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை வழக்கறிஞர் போனில் கூப்பிட்டார். “சார், எங்க கட்சிக்காரர் தன் வாழ்நாளிலேயே செக் புக்கைத் தொட்டதில்லைங்கிறார்.” விஷயம் இதுதான்: ஓர் அரசு ஊழியரின் சொத்து எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எவ்வளவு கூடியது என்று கணக்குப் பார்ப்பதற்காக விசாரணை அமைப்பு எடுத்துக்கொள்ளும் காலத்துக்குத்தான் அந்தப் பெயர். காசோலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாற்பது பக்கத்தையும் கூலி வாங்காமல் திருத்திக் கொடுத்தேன். அன்றிலிருந்து இந்தச் சொல்லைக் கண்டால் கை ஒரு நொடி நிற்கும்.

சரி, உங்கள் முதல் கேள்விக்கு வருவோம். ஒரே சொல்லா, பல சொற்களா?

நம்முடைய ‘பிடி’யை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் பிடிக்கிறோம், மீன் பிடிக்கிறோம், அடம் பிடிக்கிறோம். சளி பிடிக்கிறது. ஒரு பாட்டு பிடித்திருக்கிறது. சம்பளத்தில் பிடித்தம் போகிறது. கத்திக்குப் பிடி இருக்கிறது, சோறு ஒரு பிடி இருக்கிறது. தமிழ் கற்கிற ஒரு வெளிநாட்டுக்காரருக்கு இது பத்துச் சொல். நமக்கு ஒன்றுதான், நடுவில் ஒரு கை இருக்கிறது, அது மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். யாரும் இதை மனப்பாடம் செய்யவில்லை. ஆனால் சங்கப் பாட்டில் ‘பிடி’ என்று பெண் யானை வந்தால் அது வேறு கதை. ஒலி ஒன்றாக இருக்கிறதே தவிர, அது நம் கைப்பிடிக்குள் அடங்குகிற யானை இல்லை.

‘செக்’கும் இப்படித்தான். நீங்கள் மாட்டிக்கொண்ட மூன்று ‘செக்’கும் ஒரே சொல்தான், ஒரே வீட்டுப் பிள்ளைகள். அந்த வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் மனப்பாடம் தேவைப்படாது.

வீடு இருப்பது ஈரானில். நம் சதுரங்கம் பாரசீகத்துக்குப் போய் ‘சத்ரங்’ ஆயிற்று. 7ஆம் நூற்றாண்டில் அரபுகள் பாரசீகத்தை வென்றபோது அவர்கள் கைக்கு வந்து ‘ஷத்ரஞ்ச்’ ஆயிற்று. ஆட்டத்தில் எதிராளியின் ராஜாவுக்கு ஆபத்து வந்தால், பாரசீகர்கள் ‘ஷா!’ என்று குரல் கொடுத்து எச்சரிப்பார்கள். ஷா என்றால் அரசர். ‘உன் ராஜாவைப் பார்த்துக்கொள்’ என்பதன் சுருக்கம் அது. 10ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆட்டம் ஐரோப்பாவுக்குள் நுழைந்தபோது இந்தக் குரலும் கூடவே போனது. லத்தீன் எழுத்தர்கள் அதை ‘ஸ்காக்கஸ்’ என்று எழுதினார்கள். பழைய பிரெஞ்சில் அது ‘எஸ்செக்’ ஆனது. 1300ஐ ஒட்டி ஆங்கிலத்துக்கு வந்தபோது முன்னால் இருந்த ‘எஸ்’ உதிர்ந்து ‘செக்’ மட்டும் மிஞ்சியது. ‘எஸ்செக்’கின் பன்மைதான் ‘செஸ்’. அதாவது அந்த ஆட்டத்தின் ஆங்கிலப் பெயருக்கே ‘ராஜாக்கள்’ என்றுதான் பொருள்.

ஆகவே நம் ஊர்ப் பையன்கள் “ராஜாவுக்குச் செக்!” என்று கத்தும்போது, பழைய கணக்குப்படி அது “ராஜாவுக்கு ராஜா!” நடுசென்டர் மாதிரி. ‘செக்மேட்’ என்பது ‘ஷா மாத்’. அதை ‘அரசர் இறந்தார்’ என்று பலர் எழுதுகிறார்கள். அரபியில் ‘மாத்த’ என்றால் ‘இறந்தான்’ என்பதால் வந்த குழப்பம். பாரசீகத்தில் ‘மாத்’ என்றால் திகைத்துப் போனவர், போக்கிடம் இல்லாதவர். ஆட்டத்துக்கும் அதுதான் பொருந்துகிறது. சதுரங்கத்தில் எல்லாக் காயும் வெட்டுப்படும், ராஜா மட்டும் வெட்டுப்படுவதே இல்லை. நகர முடியாமல் நிற்பார், ஆட்டம் முடிந்துவிடும்.

இன்னும் ஒரு படி பின்னால் போகலாம். ‘ஷா’ என்பது பழைய பாரசீகத்தில் ஆளுதல் என்ற பொருளுள்ள ஒரு வேரிலிருந்து வந்தது. அதே வேர் சமஸ்கிருதத்திலும் உண்டு. ‘க்ஷத்ர’, ‘க்ஷத்ரிய’ எல்லாம் அதன் கிளைகள். நம் சத்திரியரும் நீங்கள் மாட்டிக்கொண்ட ‘செக்’கும் தூரத்துச் சொந்தம். பாதுஷா என்ற பட்டத்தில் இருக்கும் ‘ஷா’வும் இதேதான். (இனிப்புக் கடைப் பக்கம் போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.)

இப்போது அந்தக் குரல் எழுந்ததும் பலகையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எதிராளி மனத்தில் வேறு திட்டம் வைத்திருப்பார். குதிரையை எடுக்கலாம் என்று கை நீட்டியிருப்பார். ‘செக்’ என்றதும் கை நின்றுவிடும். எல்லாவற்றையும் போட்டுவிட்டு ராஜாவைக் காப்பாற்றியே ஆக வேண்டும். இந்தச் ‘சட்டென்று நின்றுபோதல்’தான் ஆங்கிலத்தில் பலகையை விட்டு இறங்கி ஊருக்குள் வந்த முதல் பொருள். நிறுத்துவது, தடுப்பது, அடக்குவது. மற்றதெல்லாம் இதன் வாரிசுகள்தான்.

இந்தப் பொருளை நம் ஆட்கள் அழகாகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஓடையின் குறுக்கே கட்டுகிற ‘செக் டேமு’க்கு யாரோ ஒரு புண்ணியவான் ‘தடுப்பணை’ என்று பெயர் வைத்தார். ‘சரிபார்ப்பு அணை’ என்று எழுதாமல் விட்டாரே, அதுவே பெரிய காரியம். ஓடுகிற தண்ணீரைக் கொஞ்சம் நிறுத்தி மண்ணுக்குள் இறங்க வைக்கிறது. அந்த வேலையைப் பார்த்துப் பெயர் வந்திருக்கிறது. ஹார்டுவேர் கடையில் ‘செக்நட்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அதுவும் அதே வேலை செய்வதுதான்; மரை கழலாமல் தடுக்கிறது. செய்தித்தாளில் ‘எதிர்க்கட்சிக்குச் செக் வைத்த முதல்வர்’ என்று தலைப்புப் போடுகிறவருக்குப் பாரசீகம் தெரிந்திருக்காது, ஆனால் சொல்லின் மிகப் பழைய பொருளை அப்படியே கையாளுகிறார். நகர விடாமல் பண்ணிவிட்டார் என்பதுதானே அது.

‘காசோலைகளும் இருப்புத் தொகைகளும்’ விஷயம் இங்கேதான் தீர்கிறது. அமெரிக்க அரசமைப்பில் சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம் மூன்றும் ஒன்றின் கையை இன்னொன்று பிடித்து நிறுத்த முடியும். நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவைக் குடியரசுத் தலைவர் ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பலாம். இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஆதரித்தால் அந்த மறுப்பையும் தாண்டி அது சட்டமாகும். அவர் நியமிக்கிற நீதிபதிகளுக்கு மேலவை ஒப்புதல் தர வேண்டும். அதே நீதிபதிகள், சட்டம் அரசமைப்புக்குப் பொருந்தாது என்றால் தள்ளிவிடலாம். எல்லாமே ‘நில்’ என்கிற அதிகாரம். பாடநூல்களில் இதற்கு ‘தடைகளும் சமநிலைகளும்’ என்று போடுகிறார்கள். தவறில்லை, ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அதில் ஒன்றும் விளங்காது. முதல் முறை வரும்போது ‘ஒன்றையொன்று கட்டுப்படுத்திச் சமன்செய்யும் ஏற்பாடு’ என்று விரித்து எழுதுங்கள், அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம். ஆங்கிலப் பன்மையை அப்படியே தமிழ் எழுத்தில் போட வேண்டாம். ஏன் என்று உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தாலே தெரியும்.

அடுத்தது பணம். இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. இரண்டாம் ஹென்றியின் ஆட்சி. மாவட்டங்களில் அரசனுக்காக வரி தண்டும் ஷெரிஃபுகள் ஆண்டுக்கு இருமுறை, ஈஸ்டர் சமயத்திலும் செப்டம்பர் கடைசியிலும் வந்து கணக்கு ஒப்படைக்க வேண்டும். அன்றைக்குக் காகிதத்தில் கூட்டிக் கழிக்கிற வழக்கம் இல்லை. ரோமன் எண்களை வைத்துக்கொண்டு எப்படிக் கூட்டுவது? அதனால் ஒரு மேசை போட்டார்கள். பத்தடி நீளம், ஐந்தடி அகலம். மேலே வைத்தது உருண்டு விழாமல் இருக்க நான்கு விரல் உயரத்துக்குச் சுற்றிலும் விளிம்பு. அதன்மேல் கோடு போட்ட கறுப்புத் துணி. கோட்டுக்கும் கோட்டுக்கும் ஓரடியோ ஒரு சாணோ இடைவெளி. ஒரு பத்தி பென்னிகளுக்கு, அடுத்தது ஷில்லிங், அதற்கடுத்தது பவுன், பிறகு இருபது பவுன், நூறு, ஆயிரம். கட்டங்களில் காய்களை வைத்தும் எடுத்தும் எல்லாரும் பார்க்கும்படி கணக்குப் போட்டார்கள். பார்த்தால் சதுரங்கப் பலகை மாதிரியே இருந்தது. பலகைக்குப் பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்கியே’ என்று பெயர். துணிக்கு வந்த பெயர் மேசைக்கும், மேசைக்கு வந்தது அந்த அலுவலகத்துக்கும் ஒட்டிக்கொண்டது. பிரிட்டனின் நிதியமைச்சரை இன்றைக்கும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்கிறார்களே, அது இந்தக் கட்டம் போட்ட துணிதான். அந்த ‘எக்ஸ்’ பின்னால் வந்த படிப்பாளிகள் செய்த வேலை. பிரெஞ்சு ‘எஸ்’ஸைப் பார்த்து லத்தீன் ‘எக்ஸ்’ சிதைந்துவிட்டது என்று நினைத்துத் ‘திருத்தி’விட்டார்கள். நம் தொழில்காரர்கள் எந்தக் காலத்திலும் திருந்த மாட்டார்கள்.

இவ்வளவும் எப்படித் தெரியும் என்றால், அந்த அலுவலகத்தின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். ஹென்றியின் ஆட்சியின் 23ஆம் ஆண்டில் தேம்ஸ் நதிக்கரைக் கோபுரம் ஒன்றின் சன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, இந்த வேலையின் நுணுக்கங்களை மற்றவர்களுக்கு ஏன் சொல்லித் தரக்கூடாது என்று ஒருவர் கேட்டாராம். ஆசிரியர், மாணவர் என்று கேள்வி பதிலாகவே நூலை அமைத்துவிட்டார். அதில் மாணவரும் உங்களைப் போலவே கேட்கிறார்: இதற்கு ஏன் இந்தப் பெயர்? பலகை வடிவம் ஒரு காரணம் என்கிறார் ஆசிரியர். இன்னொன்றும் சொல்கிறார்: சதுரங்கத்தில் இரண்டு அரசர்கள் மோதுவதைப் போல இங்கே பொருளாளரும் ஷெரிஃபும் மோதுகிறார்கள், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் நடுவர்கள். வருமான வரி அலுவலகத்தில் ஒருமுறையாவது எதிரே உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும்.

பணம் கட்டியதற்கு ரசீது ஒரு குச்சி. ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை அகலம் வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுனுக்கு முற்றிய பார்லி மணி அளவு. வெட்டிய பிறகு குச்சியை நெடுக்காகப் பிளந்து ஆளுக்குப் பாதி. அடுத்த முறை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். யாராவது இடையில் ஒரு வெட்டுக் கூட்டியிருந்தால் அப்போதே மாட்டிக்கொள்வார். பால் கணக்கை இரண்டு வீட்டுச் சுவரிலும் கோடு போட்டு வைத்தது போலத்தான். (அந்தக் குச்சிகள் 19ஆம் நூற்றாண்டு வரை அலுவலகத்தில் குவிந்து கிடந்தன. 1834 அக்டோபரில் அவற்றை நாடாளுமன்றக் கட்டடத்தின் அடுப்பில் போட்டு எரித்தபோது தீ பரவி, இரண்டு அவைகளும் சேர்ந்து எரிந்துபோயின.)

‘செக்’ என்ற சொல்லுக்கு ‘ஒப்பிட்டுப் பார்ப்பது’ என்ற பொருள் ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் நிலைபெறுகிறது. தடுப்பதிலிருந்து ஒப்பிடுவதற்கு எப்படித் தாவியது? ஏமாற்று வேலையைத் தடுக்க வேண்டுமென்றால் ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். 1706ஐ ஒட்டி, எக்ஸ்செக்கர் வெளியிட்ட பத்திரங்களின் அடிக்கட்டைக்கு ‘செக்’ என்று பெயர் இருந்தது. பத்திரம் ஒருவரிடம், அடிக்கட்டை அலுவலகத்திடம். மோசடிக்கு அது தடுப்பு. அடிக்கட்டையோடு கூடிய தாளில் வங்கிக்கு உத்தரவு எழுதும் வழக்கம் வந்தபோது அடிக்கட்டையின் பெயர் தாளுக்கே வந்துவிட்டது. அதுதான் நம் காசோலை. பிரிட்டிஷ்காரர்கள் எக்ஸ்செக்கரைப் பார்த்து அதற்கு வேறு எழுத்துக்கூட்டல் வைத்துக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் பழையதையே எழுதுகிறார்கள். நீங்கள் அமெரிக்கப் பிரதியில் தடுமாறியதற்கு இதுவும் ஒரு காரணம். லண்டன் பிரதியாக இருந்தால் கண்ணே காட்டிக் கொடுத்திருக்கும்.

அப்படியானால் கதாநாயகன் கேட்டது என்ன? பில். சாப்பிட்டதற்கு எழுதிய சீட்டு, சமையலறைக் கணக்கோடு ஒத்துப்பார்க்கிற துண்டுத் தாள். அமெரிக்காவில் அதற்கும் ‘செக்’ என்றுதான் பெயர். ‘பில் கொண்டு வரச் சொன்னான்’ என்று எழுதுங்கள். ‘விலைப்பட்டியல்’, ‘கட்டணச் சீட்டு’ என்றெல்லாம் போய்விடாதீர்கள், அந்த ஆள் உணவகத்தில் உட்கார்ந்திருக்கிறான், தாலுகா அலுவலகத்தில் இல்லை.

கோட்டைக் கழற்றிக் கொடுத்தால் தருகிற டோக்கன், விமான நிலையத்தில் பெட்டிக்கு ஒட்டுகிற சீட்டு எல்லாம் இதே குடும்பம்தான். பட்டியலில் ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்து ஓரத்தில் போடுகிற குறியும் அப்படித்தான் ‘செக்’ ஆனது. நாம் அதை டிக் என்கிறோம். ‘பெட்டியில் டிக் செய்யவும்’ என்றால் யாருக்கும் புரியும். எடுக்கச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘டிக்கை நீக்கவும்’. ‘கட்டத்தில் குறியிடவும்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். விண்ணப்பப் படிவத்துக்குச் சரி, கைப்பேசிக்குக் கொஞ்சம் விறைப்பு.

கட்டம் என்றதும் நினைவு வருகிறது. கட்டம் போட்ட துணிக்குச் ‘செக்’ என்று பெயர் வந்ததும் பலகையிலிருந்துதான். இதில் நமக்குப் பங்கு உண்டு. ‘மெட்ராஸ் செக்’ என்றால் உலகத் துணிச் சந்தையில் தனி மதிப்பு. நைஜீரியாவின் கலபாரி மக்கள் நம் பக்கத்துக் கைத்தறிக் கட்டத் துணியைத் தலைமுறை தலைமுறையாகச் சடங்குகளில் உடுத்துகிறார்கள்.

இப்போது உங்கள் மாமனார். அவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், செக்குக்கும் செக்குக்கும் உறவில்லை. மேலே சொன்ன வழி முழுக்க எழுத்தில் தடம் இருக்கிறது. அதில் எங்கேயும் எள் ஆட்டவில்லை. டென்னிஸ் செய்தியில் வருகிற ‘செக்’ நாட்டு வீராங்கனையும் வேறு. அது ஒரு மக்களின் பெயர், போலந்து மொழி எழுத்துக்கூட்டல் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இவையெல்லாம் பெண் யானை மாதிரி. அவர் மனம் வருந்தினால் சமாதானத்துக்குக் ‘கேஷ்’ கதையைச் சொல்லலாம். ஆங்கிலத்தில் இரண்டு ‘கேஷ்’ உண்டு. ரொக்கம் என்ற பொருளில் வருவது பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. இன்னொன்று, கிழக்கு நாடுகளின் சிறு நாணயங்களை ஐரோப்பிய வணிகர்கள் அழைத்த பெயர். அது நம் ‘காசு’, போர்த்துகீசியர் வாய் வழியாகப் போனது. ஒன்று நம்முடையது, ஒன்று இல்லை, இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. காது சாட்சி சொன்னால் போதாது. கட்டுமரமும் சுருட்டும் போன வழி தெரியும், அதனால் அவற்றைத் தயங்காமல் உரிமை கொண்டாடலாம்.

வேலைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடாதீர்கள். அப்படி ஒன்று இல்லை, இருக்கவும் தேவையில்லை. வரியைப் படித்ததும் கண்ணை மூடி, அங்கே யார் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஏதாவது நிற்கிறதா? தடு, கட்டுப்படுத்து, அடக்கு. சர்க்கரை நோய்க் குறிப்பில் வந்தால் ‘கட்டுக்குள் வைத்திருங்கள்’. ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பார்க்கிறார்களா? சரிபார், ஒத்துப்பார். வெறுமனே இருக்கிறதா இல்லையா என்று எட்டிப் பார்க்கிறார்களா? அப்போது ‘பார்’ மட்டும் போதும். ‘அடுப்பு அணைந்ததா என்று பார்’ என்றுதான் வீட்டில் சொல்கிறோம், ‘சரிபார்’ என்று இல்லை. எதையாவது கொடுத்துச் சீட்டு வாங்குகிறார்களா? ஒப்படைத்தார்கள். அறை எடுத்தார்கள், அறையைக் காலி செய்தார்கள். வாகனத்தை நிறுத்திப் பார்க்கிற இடமா? அதற்குச் சோதனைச் சாவடி என்ற நல்ல சொல் எப்போதோ வந்துவிட்டது. பேச்சு வந்தால் ‘செக் பண்ணு’ என்றே எழுதுங்கள். பஸ்ஸில் ‘செக்கர் ஏறிட்டார்’ என்று சொல்கிற பாத்திரத்தைப் ‘பரிசோதகர்’ என்று பேச வைத்தால் பயணியே இறங்கிவிடுவார்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இவ்வளவு கதை தெரிந்துவிட்டதே என்று எல்லா இடத்திலும் ராஜாவைத் தேடக்கூடாது. சொல் பிறந்த இடம், அது எந்த வழியாக வந்தது என்று காட்டும். இன்றைக்கு எங்கே நிற்கிறது என்பதை வரிதான் சொல்ல வேண்டும். ‘நைஸ்’ என்ற ஆங்கிலச் சொல், ‘அறியாதவன்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்காக யாராவது உங்கள் வேலையை நைஸ் என்று பாராட்டினால் சண்டைக்குப் போவீர்களா?

அப்புறம், இயந்திரம் செய்ததை இரவு பதினொரு மணிக்குத் திருத்தாதீர்கள். இயந்திரத்தின் தமிழ் வழவழவென்று ஓடும், தூக்கக் கண் அதோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். நான் ஒரு வேலை செய்வேன்: முடிந்த கோப்பில் ‘காசோலை’, ‘சரிபார்’ இரண்டையும் தேடு பெட்டியில் போட்டு, வந்த இடங்களை மட்டும் ஆங்கிலத்தோடு வைத்துப் பார்ப்பேன். ஐந்து நிமிட வேலை. என் நாற்பது பக்கத்தைக் காப்பாற்றியிருக்கும்.

கடைசியாக உங்கள் ‘ரெயின் செக்’. 1880களில் அமெரிக்கப் பேஸ்பால் மைதானங்களில் ஆட்டம் மழையால் நின்றால், இன்னொரு நாள் வந்து பார்க்கலாம் என்று சீட்டுத் தருவார்கள். அதுதான் மழைச் சீட்டு. பிறகு, அழைப்பை இப்போது ஏற்க முடியாது, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை என்கிற நாசூக்குக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. உங்கள் சிறுகதையில் அதைச் சொல்வது அந்தப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், பில் கேட்டவன் அதற்கு முன்னால் காபிக்குக் கூப்பிட்டிருப்பான். மழையும் வேண்டாம், சீட்டும் வேண்டாம். “இன்னிக்கு வேண்டாமே, இன்னொரு நாள் கண்டிப்பா வரேன்” என்று அவளைச் சொல்ல வையுங்கள்.